கரையில் வாசிக்க வேண்டிய ஆய்வேடு

திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாட்டுக்குப் போகும் கடற்கரையில் இருக்கிறது ஆலந்தலை. முத்துக்குளித்துறையின் பழைய பரதவர் ஊர்களில் ஒன்று. தூத்துக்குடிக் கடலில் 1955-இல் மீண்டும் தொடங்கிய அரசு முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. அன்று இருபது வயதில் கல் கட்டிக் கடலில் இறங்கியவருக்கு இன்று வயது எண்பதைக் கடந்திருக்கும். சமகால வரலாற்றில் ஆய்வு செய்ய வரும் மாணவருக்கு இந்தக் கரை தரும் பேறும் அவசரமும் அதுவே. சான்று இன்னும் உயிரோடு பேசுகிறது.

ஆனால் பல ஆய்வுகள் தலைப்பிலேயே தடம் மாறிவிடுகின்றன. 'முத்துக்குளித்துறை வரலாறு' என்று தொடங்கினால் கொற்கை, 1542-இல் வந்த புனித சவேரியார், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பக்கங்கள் நிரம்பிவிடும். புதிய செய்தி ஒன்றும் இராது. '1961-க்குப் பின் முத்துக்குளித்தவர்கள் என்ன ஆனார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். சங்கு குளிப்பு, 1973-இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆய்வு நிலையம் கண்ட வளர்ப்பு முத்து, விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் மூண்ட பூசல், 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் எல்லாம் அந்த ஒரு கேள்வியின் கீழ் தாமே வந்து சேரும்.

சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படும் இடத்தில்தான் ஆய்வு கூர்மை பெறும். ஜேம்ஸ் ஹார்னெல் 1922-இல் வெளியிட்ட முத்துக்குளிப்பு அறிக்கை அரசு அதிகாரியின் பார்வையில் எழுதப்பட்டது. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு என்பது பழைய முறை. அரசுக் கணக்கில் அது வருமானம். அந்த ஒரு பங்கு வீடு வந்து சேர்ந்ததா, வழியில் கடனுக்குப் போனதா என்பதைக் குளித்தவர் வீட்டில்தான் கேட்க வேண்டும். கீழக்கரை, காயல்பட்டினம் முஸ்லிம்களும் இதே கடலில் மூழ்கியவர்கள். ஓர் ஊரின் நினைவை முழுக் கரையின் வரலாறாக எழுதிவிடக் கூடாது.

கண்டதை அவையில் வைப்பது அடுத்த படி. தமிழ்நாடு வரலாற்றுப் பேரவை போன்ற அரங்கில் கிடைக்கும் சில நிமிடங்களுக்கு ஒரு வாதம், ஒரு வரைபடம், ஓர் அட்டவணை போதும். அங்கு எழும் கேள்வியைத் தாக்குதலாகக் கொள்ளாமல் குறித்துக்கொள்பவரே இயலைத் திருத்தி எழுதுவார். அதோடு இன்னோர் அவையும் உண்டு. ஆலந்தலைக் கரையில் ஒரு மாலை, அந்த இயலை முதியவர்கள் முன் உரக்க வாசிக்க வேண்டும். முத்துச்சிப்பி விளையும் பாரின் பெயர், கச்சானும் கொண்டலும் வீசும் காலம், கயிறு பிடித்தவரின் பொறுப்பு என நெறியாளர் காணாத பிழையை அவர்கள் காண்பார்கள். அவர்கள் சொல்வதையும் ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துவராதபோது இரண்டையும் தந்து, எதை ஏன் ஏற்றோம் என்று காரணம் சொல்வதே நேர்மை.

இதற்குப் பொறுமை வேண்டும். 1984-இல் வ.உ.சி.யின் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்ட ஆ.இரா.வேங்கடாசலபதி, அதே மனிதரைப் பற்றித் தொடர்ந்து தேடி எழுதிய 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' நூலுக்கு 2024-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இடையில் நாற்பது ஆண்டுகள்.

நம் மாணவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். முதியவர்களின் குரலை இந்த ஆண்டே பதிவு செய்யுங்கள். வாய்மொழித் தேர்வு முடிந்ததும் ஆய்வேட்டின் ஒரு படியை, அதற்குச் சான்று தந்த ஊரிலேயே வையுங்கள்.