பலாக்கொட்டையின் கதை

கொல்லிமலை என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு வல்வில் ஓரியின் நினைவு வரும். மற்றவர்களுக்குப் பலாப்பழத்தின் நினைவு வரும். இரண்டாவது கோஷ்டியாரைப் பார்த்து முதல் கோஷ்டியார் சிரிக்க வேண்டியதில்லை. சங்கப் புலவரே இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்லியிருக்கிறார். அகநானூற்றின் 209-ஆம் பாட்டில் கல்லாடனார், முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்த செய்தியைச் சொல்கிறார். அந்த மலைக்கு அவர் எடுத்துக்கொண்ட அடையாளம் பலாமரம். ஓரி போனான், சேரரும் போயினர், பலா மட்டும் இன்னும் மலையில் நிற்கிறது.

இன்றும் பருவத்தில் அந்த எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பழங்கள் சமவெளிச் சந்தைகளுக்கு இறங்குகின்றன. சுளைக்கு விலை உண்டு. கொட்டைக்கு? வீட்டில் பாட்டி இருந்தால் அதைச் சுட்டுக் கொடுப்பாள், அல்லது குழம்பில் போடுவாள். பாட்டி இல்லாத வீட்டில் அது குப்பைக்குப் போகும். ஆனால் இந்தக் கொட்டைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அது உலகைச் சுற்றி வந்த சரித்திரம்.

அதன் முதல் அத்தியாயம் வேறொரு விதையில் தொடங்குகிறது. 1888-இல், இன்று எஸ்டோனியாவிலுள்ள தோர்ப்பாத் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஸ்டில்மார்க் என்ற மாணவர் ஆமணக்கு விதையின் சாற்றை ரத்தத்தோடு கலந்து பார்த்தார். சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிட்டன. விதைகளுக்குள் இருக்கும் சில புரதங்கள் அணுக்களின் மேலுள்ள சர்க்கரைப் பொருள்களைத் தேடிப் பிடித்துக்கொள்கின்றன என்பது பிற்பாடு புரிந்தது. எல்லாச் சர்க்கரையையும் அல்ல. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்கும். அதனால் 1954-இல் பாய்டும் ஷேப்லியும், 'பொறுக்கு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து இவற்றுக்கு 'லெக்டின்' என்று பெயர் வைத்தார்கள்.

பலாக்கொட்டையிலும் அப்படி ஒன்று உண்டு. காலக்டோஸ் என்ற சர்க்கரையை நாடும் அந்த லெக்டினைப் பற்றித் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார் 1982-இல் எழுதினார்கள். 1985-இல் பிரேஸில் நாட்டு விஞ்ஞானிகள், நம் உடலின் காவற்புரதங்களில் 'இம்யுனோகுளோபுலின் ஏ' என்பதை அது பற்றிக்கொள்வதைக் காட்டினார்கள். 'ஜாக்கலின்' என்ற பெயரை ஊரறியச் செய்ததும் அந்தக் கட்டுரைதான்.

இந்தப் பெயரைச் சற்று உரித்துப் பாருங்கள். மலையாளத்தில் பலாவுக்குச் 'சக்க' என்று பெயர். போர்த்துகீசியர் அதை 'ஜாக்க' என்றார்கள். 1563-இல் கோவாவில் கார்ஸியா த ஓர்த்தா அச்சிட்ட மருந்து நூலிலும் அந்தப் பெயரைக் காணலாம். அவர்கள் மரத்தைப் பிரேஸிலுக்குக் கொண்டு போனபோது சொல்லும் கூடவே போயிற்று. அங்கே விஞ்ஞானப் பட்டம் சூடி ஜாக்கலினாகத் திரும்பி வந்திருக்கிறது!

1996-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எம். விஜயன், ஆர். சங்கரநாராயணன், ஏ. சுரோலியா முதலியோர் அதன் வடிவத்தையே கண்டார்கள். நான்கு துண்டுகள், ஒவ்வொன்றிலும் 133 அமினோ அமிலங்களாலான நீண்ட இழை ஒன்று, 20-ஆலான குட்டை இழை ஒன்று. முதலில் ஒரே சங்கிலியாக உருவாவதை விதை பிறகு வெட்டுகிறது. வெட்டுப்பட்ட முனைதான் சர்க்கரையைப் பிடிக்கும் விரலாகிறது. வெட்டாவிட்டால் அந்த விரலே இல்லை.

இதனால் மனிதனுக்கு என்ன லாபம்? ஒருவகைச் சிறுநீரக நோயில், மேற்சொன்ன காவற்புரதத்தின் 'ஏ-1' பிரிவு சிறுநீரகத்தில் படிந்து கேடு செய்கிறது. அந்தப் பிரிவை ரத்தத்திலிருந்து தனியே எடுக்க, ஆராய்ச்சிசாலையில் ஜாக்கலின் நல்ல சல்லடையாக இருக்கிறது. புற்றணுக்களின் மேல் வெளிப்படும் ஒரு சர்க்கரை அடையாளத்தையும் அது கண்டுகொள்கிறது. 1993-இல் பிரான்ஸில், சோதனைக் குழாயில் எய்ட்ஸ் கிருமி அணுக்களைத் தொற்றுவதை அது தடுத்ததாகவும் எழுதினார்கள்.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். சோதனைக் குழாய்க்கும் நோயாளியின் படுக்கைக்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது. அதைக் கடக்காமலே, 'பலாக்கொட்டை புற்றுநோயைத் தீர்க்கும்' என்று தம்பட்டம் அடிப்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சை நம்பி டாக்டரின் மருந்தை நிறுத்துபவனுக்கு நஷ்டம் உயிர். பச்சைக் கொட்டையில் ஜாக்கலின் மட்டுமா இருக்கிறது? சீரணத்தைத் தடுக்கும் பொருளும் இருக்கிறது. வேகவைத்தால் அது அழியும். ஜாக்கலினும் அதோடு உருக்குலையும். ஆகவே பாட்டி வேகவைத்துத் தந்தது நல்ல உணவு. அதை மருந்தென்று அவள் சொன்னதில்லை. அந்த நேர்மை நமக்கும் வேண்டும்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. ஓரிக்குப் பிறகு கொல்லியைக் கைமாற்றியவர்கள் மலைவாசிகளைக் கேட்டுச் செய்ததாகப் பாட்டில் இல்லை. ஆனால் 2002-இல் இந்தியா இயற்றிய பல்லுயிர்ச் சட்டம், உயிர்ச் செல்வத்தால் வியாபாரம் செய்பவர்கள் அதைப் பேணி வந்தவர்களுக்குப் பங்கு தர வேண்டும் என்கிறது. நாளைக்கு இந்தக் கொட்டையிலிருந்து உண்மையாகவே ஒரு மருந்து பிறக்கலாம். அன்றைக்குக் கொல்லிமலைக் குடியானவன் கூலிக்குப் பழம் சுமப்பவனாக மட்டும் நிற்கக் கூடாது. அவன் பெயரும் கணக்குப் புத்தகத்தில் ஏற வேண்டும்.