ஆறு திங்களும் பத்து மணியும்

கொள்ளிடத்தின் வடபால் அமைந்த ஏலாக்குறிச்சிக்கு, அடைக்கல அன்னையை நாடிச் செல்கிறோம். அத்திருத்தலத்தோடு இணைந்த வீரமாமுனிவரின் புலமையைப் போற்றிப் பேசுகிறோம். ஆனால் அவர் கடந்து வந்த வழியை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது.

இத்தாலியில் 1680ஆம் ஆண்டு பிறந்த பெஸ்கி, இயேசு சபைத் துறவியாகி, லிஸ்பனில் கப்பலேறி 1710இல் கோவாவை அடைந்தார். 1711இல் மதுரை மறைத்தளத்துக்கு வந்தார். லிஸ்பனுக்கும் கோவாவுக்கும் இடையே வானவழித் தொலைவு ஏறத்தாழ 8,300 கிலோமீட்டர். இக்கால விமானம் இடைநில்லாது பறந்தால் பத்து மணி நேரம் போதும். அன்றோ சூயஸ் கால்வாய் இல்லை. அது திறக்கப்பட்டது 1869இல்தான். கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே வந்தன. மார்ச், ஏப்ரலில் புறப்பட்டால்தான் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று கிட்டும். கிட்டினால் ஆறு திங்களில் கோவா. தவறினால் மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் காத்திருப்பு. பசுங்காயும் கனியுமின்றி ஈறு அழுகும் நோயால் மாண்டு, கடலிலேயே அடக்கமானோர் பலர்.

கடிதங்களும் அக்காற்றையே நம்பியிருந்தன. கோவாவிலிருந்து அனுப்பிய மடலுக்கு மறுமொழி வர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். தாய் நலமா என்று கேட்ட மகனுக்கு விடை வருமுன் தாய் மறைந்திருக்கவும் கூடும்.

ஆகவே கப்பலேறுவது என்பது பெரும்பாலோர்க்கு மீளாப் பயணம். வீரமாமுனிவரும் தாய்நாடு திரும்பவில்லை. 1747இல் அம்பலக்காட்டில் இயற்கை எய்தினார். வந்த மண்ணையே தம் மண்ணாக்கிக் கொண்டார். ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என்று தமிழில் பாடினார், சதுரகராதி தொகுத்தார். தேம்பாவணியில் சூசையப்பர் திருக்குடும்பத்தோடு எகிப்துக்குச் சென்றதையும், அங்கிருந்து மீண்டதையும் விரித்துப் பாடினார். மீளாதவர் ஒருவர் மீட்சியைப் பாடினார் என்பது நம் நெஞ்சைத் தொடுகிறது.

இன்று பெரம்பலூர், அரியலூர்ச் சிற்றூர்களிலிருந்து நம் பிள்ளைகள் திருச்சி விமான நிலையம் செல்கின்றனர். கிழக்கே சிங்கப்பூர், மேற்கே துபாய். இரண்டும் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர், நான்கு மணி நேர வழி. காலையில் ஊரில் உண்டவன் இரவில் அயல்நாட்டில் உறங்குகிறான். எனினும் ஒப்பந்தம் முடியும் வரை, வாங்கிய கடன் அடையும் வரை, திரும்பும் நாள் அவன் கையில் இல்லை. தந்தையின் அடக்கச் சடங்கைக் கைப்பேசியில் கண்டு அழும் மகன்களை நாம் அறிவோம். போகும் வழி சுருங்கிற்று. மீளும் வழி சுருங்கவில்லை. முனிவர் விரும்பி ஏற்ற பிரிவை, நம் பிள்ளைகள் வறுமையால் ஏற்கின்றனர்.

அன்று கடல் கடந்து வந்தவரைத் தமிழ் மக்கள் தம்மவராக ஏற்று, அவர்க்குத் தம் மொழியைக் கற்பித்தனர். அவ்வாறு ஏற்றதனால் தமிழ் செழித்தது. இன்று வட மாநிலத் தொழிலாளர் இரண்டு நாள் ரயிலில் அமர்ந்து நம் பகுதிக்குப் பிழைக்க வருகின்றனர். துபாய்க்குச் செல்லும் நம் மகனை விட அவர்கள் நெடுநேரம் பயணம் செய்து வருகின்றனர். அயல்நாட்டில் நம் மகனுக்கு ஒருவர் அன்போடு ஒரு வாய் நீர் தர வேண்டும் என்று விரும்பும் நாம், நம் தெருவுக்கு வந்தவரின் பெயரையேனும் கேட்டிருக்கிறோமா?