மேளக் கலையும் ஒலிப்பதிவுச் சான்றும்

கல்லிலும் செம்பிலும் ஓலையிலும் பொறிக்கப்பட்டவை வரலாற்றாசிரியனுக்குச் சான்றாகின்றன. இசையோ அத்தகைய சான்றுகளுள் எளிதில் அகப்படுவதன்று. பண்டைத் தமிழரின் யாழ் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். சிலப்பதிகார அரங்கேற்று காதையிற் காணும் குறிப்புக்களைத் துணையாகக் கொண்டு, காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து 1947 இல் யாழ்நூலை அரங்கேற்றினார். யாழின் உருவும் சுருதிக் கணக்கும் அந்நூலால் விளக்கமுற்றன. எனினும் பாணன் கையில் அந்த யாழ் எழுப்பிய நாதம் எத்தகையது என்பதை எந்த நூலும் நமக்குக் கேட்பிக்க வல்லதன்று.

இக்குறையை நீக்க வந்தது ஒலிப்பதிவு. 1877 இல் எடிசன் ஒலிப்பொறியைக் கண்டார். 1902 இல் கைஸ்பேர்க் என்பார் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களை இசைத்தட்டிற் பதிந்தார். தென்னாட்டு வித்துவான்களின் இசையும் பின்னர் தட்டேறிற்று. ஆயின், தட்டிற் பதிந்தது அனைத்தும் முழுமையான சான்றாகுமா என்னும் வினா எழுகின்றது. அதனையே ஈண்டு ஆராய்வாம்.

இவ்வினாவுக்கு ருஷிய தேசத்துப் பியானோ மரபு நல்லதொரு விளக்கந் தருகின்றது. 1862 இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் இசைக் கல்லூரி நிறுவிய அன்ரன் ரூபின்ஸ்ரைன் அம்மரபின் முதல்வராக மதிக்கப்படுபவர். 1894 இல் மறைந்த அவருடைய பேச்சிற் சில சொற்கள் ஒலிப்பொறியில் எஞ்சியுள்ளன, வாசிப்போ எஞ்சவில்லை. அடுத்த தலைமுறையினரான றக்மனினோவ் 1919 முதல் 1942 வரை பல தட்டுக்களைப் பதிவு செய்தார். தமக்கு முழு நிறைவு தராத பதிவை வெளியிட அவர் இசைந்தாரல்லர். இவருக்குப் பின்வந்த ரிக்ரரோ பதிவுக்கூடத்தை விரும்பாதவர். 1958 இல் சோபியா நகரில், சபையோர் முன்னிலையில் அவர் வாசித்தது பதிவாயிற்று. சபையோரின் இருமலும் அப்பதிவிற் கேட்கின்றது. சில பிசகுகளும் உள. ஆயினும் உலகம் போற்றும் பதிவுகளுள் அதுவும் ஒன்று. ஆகவே ஒலிப்பதிவு இருவகைப்படும் என்பது பெறப்படும். கலைஞன் தன்னை எவ்வாறு காட்ட விரும்பினான் என்பதை ஒன்று கூறும். அவன் அவையிலே எவ்வாறு வாசித்தான் என்பதை மற்றையது கூறும்.

இவ்வேறுபாட்டை மனங்கொண்டு நமது பெரியமேளத்தை நோக்குவோம். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நாதசுரச் சக்கரவர்த்தியெனப் போற்றப்பட்டவர். தோடி இராகத்தை மணிக்கணக்காக விரித்து வாசிக்கும் ஆற்றல் அவருக்கே உரியதாயிருந்தது. கொலம்பியா முத்திரையுடன் வெளிவந்த அவருடைய தோடித் தட்டைக் கேளாத இசையன்பர் அக்காலத்திற் சிலரே. நிமிடத்துக்கு எழுபத்தெட்டு முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். மணிக்கணக்கான ஆலாபனையை இச்சிறு அளவினுள் அடக்கிய திறம் வியத்தற்குரியதே. எனினும் அத்தட்டை மட்டுங் கேட்டு அவருடைய கலையை அளவிடப் புகுவோன், கோபுரத்தின் படத்தைக் கண்டு கோயிலை அளப்பவனை ஒப்பான்.

தவிலின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. மேளம் என்பது நாதசுரமும் தவிலும் கூடியதே. கணக்குக்களைக் கோத்து விரித்து, மீண்டும் ஒடுக்கித் தாளத்தின் ஓரிடத்தே வந்து சேரும் தனி ஆவர்த்தனத்துக்கு மூன்று நிமிடம் எவ்வாற்றானும் போதாது. ஆகையால் இசைத்தட்டுக் காலம் தவிலுக்கு அரைச் சான்றே வைத்துச் சென்றது. இது பற்றி நாம் சிறப்பாகக் கவலையுறுவதற்குக் காரணமுண்டு. தமிழகம் முழுவதும் தலைவணங்கிய தவில் மேதை ஒருவரை ஈன்றது இக்குடாநாடன்றோ? இணுவில் விசுவலிங்கம் அவர்களின் மைந்தரும், அளவெட்டியை வாழ்விடமாகக் கொண்டவருமான தட்சிணாமூர்த்தி (1933–1975) நாற்பத்திரண்டு வயது நிரம்புமுன்னரே மறைந்தார். அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கழிந்த பின், 2015 ஆம் ஆண்டுக்குரிய இந்திய தேசிய விருது பெற்ற ஆவணப்படமொன்றை அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஆக்கினார். ஒரு கலைஞரை அறிய நாற்பது ஆண்டின் பின்னும் உலகம் விழைகின்றதெனின், அவருடைய ஒலிப்பதிவுகளைப் பேணுதல் எத்துணை இன்றியமையாதது என்பது சொல்லாமலே அமையும்.

அவர் காலத்தில் ஒலிநாடா வந்துவிட்டது. நாடாவுக்கு மூன்று நிமிட எல்லையில்லை. வீதியிலே விடிய விடிய நிகழ்ந்த மேளச் சமாவை இரசிகர் ஒருவர் தம் கருவியிற் பிடித்திருப்பாராயின், அதில் மணியோசையும் சனங்களின் ஆரவாரமும் கலந்திருக்கலாம். அவற்றைக் குறையென்று ஒதுக்குதல் தகாது. சோபியா நகரத்து இருமலைப் போல, அவை வாசிப்பு நிகழ்ந்த இடத்துக்கும் காலத்துக்கும் சாட்சியாவன. சபையின் ஊக்கத்தால் வித்துவான் மேலும் மேலும் ஏறிச் சென்றமை பதிவுக்கூடத்தில் அறிய முடியாத உண்மையாகும்.

ஆனால் நாடா கல்லன்று. வெப்பமும் ஈரமும் அதனை அரிக்கும். காந்தப் பூச்சு உதிரும். சுற்றுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும். இயற்கையின் அழிவோடு மனிதர் செய்த அழிவும் நம்மண்ணிற் கூடிற்று. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1995 இல் வலிகாமத்து மக்கள் கையிற் கொண்டவற்றோடு வீடுகளை விட்டு அகன்றனர். அப்போது அலுமாரியில் நாடாச் சுருளை விட்டுச் சென்றவரைக் குறைகூற யாரால் இயலும்? எஞ்சியவை சில வீடுகளிலும், கடல் கடந்த நாடுகளிலுமே இருத்தல் கூடும்.

ஆதலின் மாணவர் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. தத்தம் ஊரில் பழைய நாடா இருப்பின், முதலில் அதன் விபரத்தை எழுதுதல் வேண்டும். எந்தக் கோயில், எந்த ஆண்டு, எத்தனையாந் திருவிழா, நாதசுரம் யார், தவில் யார், பதிந்தவர் யார் என்பன தெரியாத ஒலிப்பதிவு, ஆண்டு சிதைந்த கல்வெட்டைப் போன்றது. இவற்றைச் சொல்ல வல்ல முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். பின்னர் அதனை எண்முறைப் பதிவாக மாற்றுவித்தல் வேண்டும். 2005 இல் தோன்றிய நூலகம் நிறுவனம் நம்மவரின் நூல்களை இணையத்திற் சேர்த்துப் பேணிவரும் முறை இதற்கு நல்வழி காட்டும்.

யாழின் நாதத்தை இழந்தமைக்கு நம் முன்னோரை நோதல் பொருந்தாது. அதனைப் பிடித்துவைக்கும் கருவி அவர்களிடம் இருந்ததில்லை. தவிலின் நாதத்தை இழப்போமாயின் அவ்வாறு கூறித் தப்ப நமக்கு வழியில்லை.