எஞ்சின்களுக்கு நடுவே தெய்வங்கள்: ரோமின் மோன்தேமார்த்தினி மின் நிலையம் அருங்காட்சியகமான வரலாறு

ரோமின் பழைய மதிலைத் தாண்டித் தெற்கே போகும் ஓஸ்தியென்சே சாலையில், டைபர் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு மின் நிலையம் நிற்கிறது. 1963-லேயே அது மின்சாரம் தருவதை நிறுத்திவிட்டது. இப்போது அதன் எஞ்சின் கூடத்தில், கன்னங்கரிய டீசல் எஞ்சின்களின் முன்னே வெண்பளிங்குத் தெய்வங்கள் வரிசையாக நிற்கின்றன. ‘சென்ட்ராலே மோன்தேமார்த்தினி’ என்ற இந்த அருங்காட்சியகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரும்புக்கும் பளிங்குக்கும் உள்ள முரணையே வியக்கிறார்கள். அந்த வியப்பு இயல்பானது. ஆனால் இங்குள்ள சிலைகள் எப்போது, எதற்காகத் தோண்டிய குழிகளில் கிடைத்தன என்று தேடிப் பார்த்தால், எஞ்சினும் சிலையும் ஒரே வீட்டில் பிறந்தவை என்பது தெரியவரும். அந்த வழியைத்தான் இக்கட்டுரை பின்தொடர்கிறது.

1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்தது. போப்பின் ஆட்சி முடிந்து, அடுத்த ஆண்டே ரோம் புதிய நாட்டின் தலைநகரானது. அமைச்சகங்களும் அலுவலர் குடியிருப்புகளும் தேவைப்பட்டன. எஸ்குவிலின், குவிரினால், விமினால் குன்றுகளில் இருந்த திராட்சைத் தோட்டங்களும் மாளிகைப் பூங்காக்களும் மனைகளாகின. அந்த மண்ணுக்கு அடியில் பண்டைய ரோமானியச் செல்வர்களும் பேரரசர்களும் வைத்திருந்த பெருந்தோட்டங்கள் புதைந்து கிடந்தன. அடித்தளம் தோண்டிய இடமெல்லாம் சிலை கிடைத்தது. 1872-இல் நகராட்சி ஒரு தொல்லியல் ஆணையத்தை அமைத்தது. அதில் பணியாற்றிய ரொடோல்ஃபோ லாஞ்சியானி கிடைத்தவற்றை விடாமல் பதிவு செய்தார். அந்தப் பதிவுகள் இல்லையென்றால் பல சிலைகளுக்கு இன்று ஊரும் பேரும் இருந்திருக்காது.

அந்தக் காலத்துக் கண்டெடுப்புகளில் என் நெஞ்சைத் தொட்டது ஒரு சிறு பொம்மை. 1889-இல் நீதிமன்ற மாளிகைக்கு அடித்தளம் தோண்டியபோது கிரெபெரேயா திரிஃபேனா என்ற இளம்பெண்ணின் கல் சவப்பெட்டி வெளிப்பட்டது. எலும்புகளோடு தந்தத்தில் செதுக்கிய பொம்மையும் இருந்தது. அதன் கை, கால், முழங்கால், முழங்கை எல்லாம் மடங்கும். ஏறக்குறைய 1,700 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த அந்த விளையாட்டுப் பொருளை வெளியே கொண்டுவந்தது, நவீன அரசுக்கு நீதிமன்றம் வேண்டும் என்ற தேவை.

கண்டெடுத்தவற்றை எங்கே வைப்பது? கப்பிடோலினே குன்றின் அருங்காட்சியகங்களில் இடம் போதவில்லை. செலியோ குன்றில் 1894-இல் ஒரு தொல்பொருள் கிடங்கு திறக்கப்பட்டது. 1929-இல் அது விரிவான காட்சியகமானது. பத்தே ஆண்டில், 1939-இல், சுரங்க ரயிலுக்காகத் தோண்டிய வேலையால் அந்தக் கட்டடத்திற்குச் சேதம் நேர்ந்தது. காட்சியகத்தின் பெரும்பகுதி மூடப்பட்டு, பொருள்கள் பெட்டிகளுக்குள் போயின. சிலைகளை வெளியே கொண்டுவந்த அதே தோண்டுதல்தான் அவற்றின் வீட்டையும் பறித்தது.

இனி மின் நிலையத்தின் கதை. விரிந்துகொண்டே போன தலைநகருக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. எரிவாயுவும் மின்சாரமும் தனியார் நிறுவனம் ஒன்றின் பிடியில் இருந்தன. 1907-இல் மேயரான எர்னெஸ்தோ நாத்தன் இந்த நிலையை மாற்ற முனைந்தார். அவருடைய நிர்வாகத்தில் நகரச் சேவைகளுக்குப் பொறுப்பேற்ற பொருளியலாளர் ஜொவான்னி மோன்தேமார்த்தினி, இத்தகைய சேவைகளை நகராட்சியே நடத்தலாம் என்பதற்குக் கோட்பாடு வகுத்தவர். 1909-இல் வாக்கெடுப்பு நடத்தி மக்களின் ஒப்புதலும் பெறப்பட்டது. நகராட்சியின் முதல் மின் நிலையம் 1912-இல் இயங்கத் தொடங்கியது. ஓஸ்தியென்சேயைத் தேர்ந்ததில் கணக்கு இருந்தது: குளிர்விக்கத் தண்ணீர் ஆற்றில் இருந்தது, அதோடு இடம் நகரச் சுங்க எல்லைக்கு வெளியே இருந்ததால் எரிபொருளுக்குத் தீர்வை கட்ட வேண்டியதில்லை. 1913-இல் மோன்தேமார்த்தினி இறந்தார். நிலையத்திற்கு அவர் பெயர் நிலைத்தது.

இரண்டு கதைகளும் மிக நெருங்கி வருவது பாசிச ஆட்சிக் காலத்தில். 1933-இல் பிராங்கோ தோசி நிறுவனத்தின் இரண்டு பெரும் டீசல் எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 7,500 குதிரைத்திறன் கொண்டவை, இங்கே நிறுவப்பட்டன. அதே ஆட்சிக் காலத்தில் நகரின் நடுப்பகுதியில் பழைய குடியிருப்புகளை இடித்து அகலச் சாலைகள் போட்டார்கள். 1926 முதல் 1929 வரை லார்கோ அர்ஜெந்தீனாவில் நடந்த இடிப்பில் ஒரு பெண் தெய்வத்தின் மாபெரும் தலையும் கையும் பாதங்களும் கிடைத்தன. கி.மு. 101-இல் வெர்செல்லே போரின்போது ரோமானியத் தளபதி லுதாத்தியுஸ் காத்துலுஸ் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்ட ‘இந்நாளின் நற்பேறு’ என்ற தெய்வம் அது. உடலின் திறந்த பகுதிகள் மட்டும் பளிங்கு. ஆடை வேறு பொருளால் ஆனது, மறைந்துவிட்டது. முழு உருவம் ஏறத்தாழ எட்டு மீட்டர் உயரம் இருந்திருக்கும்.

அடுத்து, 1937-38-இல் மார்செல்லுஸ் அரங்கின் பக்கத்தில், சோசியுஸ் என்ற ரோமானியர் புதுப்பித்துக் கட்டிய அப்போலோ கோயில் முகப்பின் முக்கோண முகட்டுச் சிற்பங்கள் துண்டு துண்டாகக் கிடைத்தன. தீசியுஸும் ஹெராக்கிளீஸும் அமேசான்களோடு பொரும் காட்சி, நடுவே ஏத்தீனா. இவை ரோமானியச் சிற்பங்களே அல்ல. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் ஏதோ ஒரு கோயிலுக்காகச் செதுக்கி, நானூறு ஆண்டுகளுக்குப் பின் ரோமுக்குக் கொண்டுவந்து வேறொரு கோயிலில் பொருத்தப்பட்டவை. ஒரு கட்டடத்துக்கானதை இன்னொரு கட்டடத்தில் வைப்பது நம் காலத்துப் புதுமை என்று நினைப்பவர்கள் இந்த முகட்டின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும். இன்று அது நிற்பது எஞ்சின் கூடத்தில். பக்கத்தில் உள்ள எஞ்சின் 1933-ஐச் சேர்ந்தது. முகடு மண்ணிலிருந்து வந்தது நான்கைந்து ஆண்டு கழித்து. இந்த ஊரின் வாழ்வைப் பொறுத்தவரை எஞ்சினே மூத்தது.

நிலையம் மூடப்பட்ட பின் கட்டடம் பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. பிறகு நகர மின் நிறுவனமான ‘ஆச்சேயா’ அதைப் புதுப்பித்தது. 1995-இல் கப்பிடோலினே அருங்காட்சியகங்களில் சீரமைப்புப் பணி தொடங்கியபோது நூற்றுக்கணக்கான சிலைகளுக்கு மாற்றிடம் தேவைப்பட்டது. இப்படித்தான் 1997-இல் ‘இயந்திரங்களும் தெய்வங்களும்’ என்ற தற்காலிகக் கண்காட்சி திறந்தது. லண்டனின் பழைய மின் நிலையம் ஒன்று டேட் மாடர்ன் கலைக்கூடம் ஆனது இதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம். எஞ்சின்களை அகற்றாமல் சிலைகளை அவற்றின் நடுவே நிறுத்திய முடிவுதான் இந்த இடத்தைக் காப்பாற்றியது என்பது என் கருத்து. வெள்ளையடித்த வெறுங்கூடமாக்கியிருந்தால் இன்னொரு கிடங்குதான் மிஞ்சியிருக்கும். மக்கள் வரவேற்பைக் கண்டு 2001-இல் அருங்காட்சியகம் நிரந்தரமாக்கப்பட்டது. 2005-இல் சில சிலைகள் கப்பிடோலினே குன்றுக்குத் திரும்பின. தங்கியவை பெரும்பாலும் 1870-க்குப் பின் தோண்டியெடுத்தவை. முன்னோர் இருவரின் தலைகளை ஏந்தி நிற்கும் பார்பெரினி டோகா சிலை போன்று பழைய குடும்பச் சேகரிப்பிலிருந்து வந்தவை விதிவிலக்கு.

கொதிகலன் கூடம் இயந்திரத்துக்கும் சிலைக்கும் உள்ள இணைப்பை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு காலத்தில் மூன்று கொதிகலன்கள் இருந்தன. இப்போது ஒன்றே மிச்சம், அதுவே 15 மீட்டர் உயரம். அதன் அடியில் பண்டைய தோட்டங்களை அலங்கரித்த சிலைகள். தரையில், டெர்மினி ரயில் நிலையத்துக்கு அருகே சாந்தா பிபியானா பகுதியில் கிடைத்த வேட்டைக் காட்சி மொசைக். கருங்கல்லில் வடித்த பேரரசி அக்ரிப்பினா சிலையும் இங்கே உண்டு; அதன் தலை கோபன்ஹேகனில் இருக்கிறது. இங்குள்ள உடலின் மேல் இருப்பது அந்தத் தலையின் வார்ப்பு நகல். சிலைகள் மட்டும் உறுப்பிழந்தவை அல்ல. மின் நிலையமும் அப்படித்தான்.

கொதிகலன் நீங்கிய இடத்தில் உருவான புதிய கூடத்திற்கு 2016-இல் ஒரு ரயில் வந்து சேர்ந்தது. 1858-ஐச் சேர்ந்த அதன் மூன்று பெட்டிகளில் ஒன்று சிம்மாசன அறை, ஒன்று வழிபாட்டு அறை, ஒன்று மக்களுக்கு ஆசி வழங்குவதற்கான திறந்த மாடம். அதில் பயணம் செய்தவர் ஒன்பதாம் பயஸ். 1870 செப்டம்பரில் ரோமை இழந்த போப் அவர்தான்.