செருப்பு டோக்கனும் சிம் கார்டும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. அசைன்மெண்ட், பார்ட் டைம் வேலைன்னு வழக்கமான சாக்குதான். இன்னிக்கு எழுத வெச்சது எங்க வீட்டுக்கார அன்ரி. (யாழ்ப்பாணத்துக்காரங்க. 'ஆன்ட்டி'ன்னு எழுதினா கோச்சுக்குவாங்க :-))

ஈஸ்ட் ஹாம்ல அவங்க வீட்டு மாடி ரூம்லதான் குடியிருக்கேன். போன வாரம் அவங்க போனுக்கு ஒரு மெசேஜ். பார்சல் வந்திருக்கு, சின்னதா ஒரு தொகை கட்டணும்னு. அன்ரியும் கார்டு நம்பரைப் போட்டுட்டாங்க. அப்புறம் சந்தேகம் வந்து, பேங்குக்கு போன் பண்ணி கார்டை நிறுத்தியாச்சு. பணம் தப்பிச்சது. ஆனா கோபம் தீரல.

"தம்பி, என்ர நம்பரை ஆர் இவங்களுக்குக் குடுத்தது?"

சந்தேகம் யார் மேலன்னா, சீட்டுப் பிடிக்கிற ஒரு அம்மா மேல. ரெண்டு வாரம் முன்னாடிதான் கோயில்ல வெச்சு அவங்ககிட்ட நம்பர் குடுத்தாங்களாம். இருபது வருஷப் பழக்கம். இப்போ பேச்சு வார்த்தை இல்லை.

"யாருமே குடுக்காமலும் வரலாம் அன்ரி"ன்னேன். நம்பல. நான் படிக்கிறதே இந்த மொபைல் நெட்வொர்க் சமாச்சாரம்தான். அதனால கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

1985 ஜனவரியில பிரிட்டனுக்கு செல்போன் வந்தப்போ அது அனலாக். பேச்சும் சரி, போனோட அடையாள எண்ணும் சரி, பூட்டில்லாமத்தான் காத்துல போச்சு. ஸ்கேனர் ரேடியோ வெச்சிருந்தா ஒட்டுக்கேட்கலாம். எண்ணைப் பிடிச்சு இன்னொரு போன்ல ஏத்தி, பில்லை உங்க தலையில கட்டலாம்.

இதுக்கு மருந்து ஜிஎஸ்எம்ல வந்தது. 1982-ல ஐரோப்பாவுல குழு போட்டாங்க. 1991 ஜூலை 1-ம் தேதி பின்லாந்துல முதல் அழைப்பு. நம்ம ஊருக்கு செல்போன் வந்தது 1995 ஜூலை 31. ஜோதிபாசு கல்கத்தாவுலேர்ந்து டெல்லியில இருந்த சுக்ராமோட பேசினார்.

ஜிஎஸ்எம்ல ஒவ்வொரு சிம்முக்கும் ஐஎம்எஸ்ஐன்னு ஒரு நிரந்தர எண் உண்டு. அதிகபட்சம் 15 இலக்கம். முதல் மூணு இலக்கம் நாடு: பிரிட்டன்னா 234, இந்தியான்னா 404 இல்ல 405, இலங்கைன்னா 413. இது உங்க போன் நம்பர் இல்லை, சர்டிபிகேட் பேர் மாதிரி. இதை டவர்கிட்ட அடிக்கடி சத்தமா சொல்லிட்டிருந்தா, கேட்டுட்டிருக்கறவனுக்கு யார் எங்கே போறாங்கன்னு தெரிஞ்சுடும். அதனால டிஎம்எஸ்ஐன்னு ஒரு தற்காலிகப் பேர் கொண்டுவந்தாங்க.

எங்க மதுரையில மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனவங்களுக்கு இது சுலபமாப் புரியும். செருப்பை விட்டா ஒரு டோக்கன் குடுப்பாங்க இல்லையா? கிழக்கு கோபுரத்து 47-ம், தெற்கு கோபுரத்து 47-ம் வேற வேற. டிஎம்எஸ்ஐயும் அப்படித்தான். 32 பிட் எண், சுமார் 429 கோடி டோக்கன். ஆனா குடுத்த வட்டாரத்துக்குள்ள மட்டும்தான் செல்லும். வட்டாரம் மாறினா போன் என்ன சொல்லும்? "நான் கிழக்கு வாசல் 47". புது வாசல்காரர் பழைய வாசல்காரர்கிட்ட ஆளை விசாரிச்சுட்டு, சங்கேதமாக்கின பிறகு ஒரு புது டோக்கன் குடுப்பார். ஒட்டுக்கேட்கறவனுக்கு 47-தான் இந்த ஆள்னு தெரியாது.

சரி, பழைய வாசல்காரருக்கு ஆள் தெரியலைன்னா? "முழுப் பேர் சொல்லு"ன்னு கேட்பாங்க. போன் உடனே ஐஎம்எஸ்ஐயை சொல்லிடும். ஊர் சிம்மோட ஹீத்ரோவுல இறங்கி போனை ஆன் பண்ணின முதல் நிமிஷம், பெரும்பாலும் நம்ம எல்லார் போனும் இப்படிச் சொன்னதுதான். இந்தக் கேள்வியை ஞாபகம் வெச்சுக்குங்க.

அடுத்து ஜிபிஆர்எஸ் வந்தப்போ டேட்டாவுக்குன்னு தனி டோக்கன், பி-டிஎம்எஸ்ஐ. அதோட முதல் ரெண்டு பிட் எப்பவும் 11. பேச்சு டோக்கனோட குழம்பக் கூடாதே! 3ஜி-யும் இதையே வெச்சுக்கிச்சு.

2008 கடைசியில வரையறை முடிவான 4ஜி-யிலதான் சிக்கல். அங்கே டோக்கனே பெருசு. பேர் ஜியுடிஐ, ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிச்சா 'குட்டி' :-) நாடு, நிறுவனம், எந்த அலுவலகக் குழு (16 பிட்), எந்த அலுவலகம் (8 பிட்), கடைசியில 32 பிட் டோக்கன். அப்போ 4ஜி எல்லா ஊர்லயும் கிடையாது. அது இல்லாத இடத்துக்குப் போனா 3ஜி-க்கோ 2ஜி-க்கோ இறங்கணும். அங்கே இருக்கற பழைய கருவிக்கு குட்டின்னா என்னன்னே தெரியாது. ஊரெல்லாம் அதை மாத்தவும் முடியாது.

என்ன பண்ணினாங்கன்னா, புது டோக்கனை வெட்டி பழைய சீட்டோட கட்டங்கள்ல எழுதினாங்க. குழு எண் போய் வட்டார எண் கட்டத்துல உட்கார்ந்துக்கும். அலுவலக எண் பழைய டோக்கனுக்கு நடுவுல 8 பிட் இடத்தைப் பிடிச்சுக்கும். இடம் பறிபோன 8 பிட்டை, பக்கத்துல 'கையெழுத்து'ன்னு இருக்கற கட்டத்துல சொருகிட்டாங்க. பழைய கருவிக்கு இது இன்னொரு பழைய அலுவலகத்து டோக்கன் மாதிரியே தெரியும். அந்த முகவரிக்குக் கேட்கும், 4ஜி அலுவலகமும் பழைய ஆள் மாதிரியே பதில் சொல்லும். அடுத்த தடவை எந்தப் பேரைச் சொல்லணும்னு போனும் தனியா ஒரு குறிப்பு வெச்சுக்கும். முதல் தடவை படிச்சப்போ அசந்துட்டேன்.

ஆனா இதெல்லாம் ஒட்டுக்கேட்கறவனை ஏமாத்தத்தான். அதையே ஒழுங்காச் செய்யலைங்கறது வேற கதை. 2018-ல கொரியாவோட கைஸ்ட் ஆய்வாளர்கள் 11 நாடுகள்ல 28 நிறுவனங்களைச் சோதிச்சாங்க. 19-ல புது டோக்கன் எளிதா ஊகிக்கற மாதிரியே இருந்தது. அதைவிடப் பெரிய ஓட்டை, வாசல்காரரே போலியா இருந்தா? 2ஜி-யில நெட்வொர்க் சிம்மை சோதிக்கும். சிம் நெட்வொர்க்கை சோதிக்காது! 3ஜி-யில இதைச் சரி பண்ணிட்டாங்க. ஆனா கீழே இறங்கற படிக்கட்டு திறந்தேதான் இருந்தது.

அந்தப் படிக்கட்டை லண்டன்லயே உபயோகிச்சாங்க. 2024-ல வீட்டுல செஞ்ச ஆண்டெனாவால ஆயிரக்கணக்கான மோசடி மெசேஜ் அனுப்பினதா ரெண்டு பேரைப் பிடிச்சதா லண்டன் சிட்டி போலீஸ் அறிவிச்சது. 2025 மார்ச்ல ஒருத்தர் கார் டிக்கியில இந்தப் பெட்டியை வெச்சுக்கிட்டு லண்டனைச் சுத்தினார். ஜூன்ல 58 வார சிறை. பெட்டி வேலை செய்யற விதம் எளிது: பலமான சிக்னல் காட்டி போனை இழுக்கும், 2ஜி-க்குத் தள்ளும், டோக்கன் செல்லாது, முழுப் பேர் சொல்லுன்னு கேட்கும், மெசேஜைத் திணிக்கும். அனுப்பினவர் பேரா எதை வேணா போட்டுக்கலாம். முக்கியமா, உங்க போன் நம்பரே அதுக்குத் தேவையில்லை. பக்கத்துல இருந்தா போதும்.

5ஜி-யில (ரிலீஸ் 15, 2018) முழுப் பேரைச் சொல்ல வேண்டி வந்தாலும், சொந்த நிறுவனத்தோட சாவியால பூட்டிச் சொல்ல வழி இருக்கு. ஆனா 2ஜி-க்கு இறங்கினா பழைய குருடி கதைதான். பிரிட்டன்ல 2ஜி முழுசா போக 2033 வரைக்கும் கெடு. உடனே மூடுங்கன்னு சொல்லவும் எனக்கு மனசு வரல. மதுரையில எங்கம்மா கையில இருக்கறது 2ஜி பட்டன் போன்.

ஆனா நம்ம போன்ல மூடலாம். ஆண்ட்ராய்டு 12-லேர்ந்து பல போன்ல 2ஜி-யை நிறுத்த ஒரு சுவிட்ச் இருக்கு, அவசர அழைப்புக்கு மட்டும் விட்டுடும். ஐபோன்ல லாக்டவுன் மோட் போட்டா 2ஜி நிக்கும். அன்ரி போன்ல நேத்து நிறுத்திட்டேன்.

அன்ரிக்கு வந்த மெசேஜ் இப்படித்தான் வந்ததுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். நம்பர் பட்டியல் வெச்சு அனுப்பறவங்களும் நிறைய. யாரும் குடுக்காமலும் வர முடியும்ங்கறதை மட்டும், டோக்கன் கதையோட ஒரு மணி நேரம் சொன்னேன். தேத்தண்ணி ஆறிப்போச்சு.

கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு சொன்னாங்க: "அப்ப நான்தான் அவவோட முதல்ல கதைக்கோணும்."

உங்க வீட்டுப் பெரியவங்க போன்லயும் அந்த சுவிட்ச் இருக்கான்னு பார்த்துட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க.