லெனர்ட் பேர்ச்சல்

லெனர்ட் ஜோசப் பேர்ச்சல் (6 ஜூலை 1915 – 10 செப்டெம்பர் 2004) கனடிய விமானப்படை அதிகாரி. இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் அணியை 1942 ஏப்ரல் 4ஆம் திகதி நடுக்கடலில் கண்டு கொழும்புக்கு அறிவித்தவர். அதனால் 'இலங்கையின் மீட்பர்' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானில் போர்க்கைதியாக இருந்து மீண்டவர், பின்பு இராணுவக் கல்லூரியின் தலைவராகவும் பல்கலைக்கழக நிருவாகியாகவும் பணியாற்றி 89ஆவது வயதில் காலமானார்.

ஒன்றாரியோ மாகாணத்தின் சென் கத்தரின்ஸ் நகரில் பிறந்தார். கனடிய அரச இராணுவக் கல்லூரியில் படித்து 1937இல் வெளியேறி விமானப்படையில் சேர்ந்தார். போர் தொடங்கியதும் நோவா ஸ்கோசியாவிலிருந்து கப்பல் தொடர்களுக்குக் காவலாகப் பறந்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கிய வேளையில், சென் லோரன்ஸ் வளைகுடாவில் சென்றுகொண்டிருந்த இத்தாலிய வணிகக் கப்பலான கப்போ நோலியைத் தாக்கப்போவதுபோல் தாழப் பறந்து மிரட்டினார். கப்பலோட்டி கலங்கிக் கப்பலை மணல்திட்டில் ஏற்றிவிட்டான். பேர்ச்சல் அருகிலேயே நீரில் இறங்கி, கனடியக் கடற்படை வந்து சேரும்வரை காவல் இருந்தார்.

கொக்கலையிலிருந்து

சிங்கப்பூர் விழுந்தபின் இந்து சமுத்திரம் பிரித்தானியருக்குப் பெருங்கவலையாயிற்று. கனடாவின் 413ஆம் படையணி ஸ்கொட்லாந்தின் வடகோடியிலுள்ள செற்லாந்துத் தீவுகளிலிருந்து காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவிக்கு மாற்றப்பட்டது. அந்த வாவிதான் கற்றலினா எனப்படும் பறக்கும் படகுகளின் தளம். பேர்ச்சல் ஏப்ரல் 2ஆம் திகதி வந்திறங்கினார். ஒரு நாள் கழிந்து, 4ஆம் திகதி விடியுமுன் எட்டுப் பேருடன் ரோந்துக்குப் புறப்பட்டார்.

பகல் முழுவதும் கடலைத் தவிர எதுவும் தென்படவில்லை. திரும்பும் நேரம் நெருங்கியும், தாம் நிற்கும் இடத்தைச் சரிபார்த்துக்கொள்ளச் சற்றுத் தாமதித்தார்கள். பிற்பகல் நான்கு மணியளவில், இலங்கைக்குத் தெற்கே ஏறக்குறைய 350 மைல் தொலைவில், அடிவானில் சில புள்ளிகள் தெரிந்தன. என்ன கப்பல்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டுமானால் கிட்டப் போகவேண்டும். கிட்டப் போனால் தப்பிக்க முடியாது. கற்றலினா மெதுவாகப் பறப்பது, ஒளிந்துகொள்ள மேகமும் இல்லை. பேர்ச்சல் கிட்டப் போனார். அட்மிரல் நகுமோவின் அணி அது. அகாகி, சோரியு, ஹிரியு, சொகாகு, சூயிகாகு என்ற ஐந்து விமானந்தாங்கிகளும் நான்கு போர்க்கப்பல்களும் வந்துகொண்டிருந்தன.

கப்பல்களின் எண்ணிக்கை, வகை, திசை, வேகம் ஆகியவற்றை வானொலியில் மூன்று முறை அனுப்புவது விதி. மூன்றாம் முறை முடியுமுன் ஜப்பானியரின் சீரோ போர்விமானங்களின் குண்டுகள் வானொலிக் கருவியை நொறுக்கின. எரிந்துகொண்டிருந்த விமானத்தைப் பேர்ச்சல் கடலில் இறக்கினார். நீரில் நீந்தியவர்கள் மீதும் சுட்டார்கள். ஒன்பது பேரில் மூவர் இறந்தனர். எஞ்சிய அறுவரை இசோகாசே என்ற நாசகாரிக் கப்பல் ஏற்றிக்கொண்டது. செய்தி எதுவும் அனுப்பவில்லை என்று அடி உதைக்கு நடுவிலும் பேர்ச்சல் சாதித்தார். ஆனால் செய்தியை மீண்டும் அனுப்பும்படி கொழும்பு கேட்ட குரல் ஜப்பானியரின் காதிலும் விழுந்தது. அடி இன்னும் கூடியது.

எச்சரிக்கையின் பலன்

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலையில் ஏறத்தாழ 125 விமானங்கள் கொழும்பைத் தாக்கின. முன்னரே தெரிந்ததால் துறைமுகத்திலிருந்த கப்பல்களில் பெரும்பாலானவை வெளியேறியிருந்தன. ஆனாலும் இரத்மலானையில் போர்விமானங்கள் தரையில் இருந்தபோதே எதிரி தலைக்குமேல் வந்துவிட்டான். அன்றே கடலில் கோர்ன்வால், டோர்செற்சயர் என்ற இரு குரூசர் கப்பல்களும் மூழ்கடிக்கப்பட்டு 424 பேர் மாண்டனர்.

நான்கு நாள் கழித்துக் கிழக்குக் கரையின் முறை வந்தது. ஏப்ரல் 9ஆம் திகதி காலை திருகோணமலை தாக்கப்பட்டது. முந்திய இரவே அங்கிருந்து தெற்கே அனுப்பப்பட்ட ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கி, தன் தளத்தில் ஒரு விமானமும் இல்லாத நிலையில், மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டுக்கொண்டது. பதினொரு மணிக்குள் அது மூழ்கிவிட்டது. அதில் 307 பேர் இறந்தனர். துணைக்குச் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயரும் போயிற்று. நீரில் தத்தளித்த சுமார் 600 பேரை வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் காப்பாற்றியது. அதே காலையில் 413ஆம் படையணியின் இன்னொரு கற்றலினாவும் வீழ்த்தப்பட்டது. அதில் சென்ற எவரும் மீளவில்லை.

நம் கரை வாசகர் கவனிக்கவேண்டிய ஒன்று இங்கே உண்டு. அன்று அம்பாறை மாவட்டம் என்று ஒன்று இல்லை. 1961 வரை கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பகுதிகள் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்தன. அதனால் போர்க்குறிப்புகள் மட்டக்களப்பின் பெயரால் குறிக்கும் கடலில் ஒரு பகுதி உண்மையில் கல்முனைக் கடல்தான். அன்று மூழ்கிய ஹொலிஹொக் என்ற கொர்வெற் கப்பலும் அத்தல்ஸ்ரேன் என்ற எண்ணெய்க் கப்பலும் மட்டக்களப்புக்குத் தென்தென்கிழக்கே சுமார் 30 கடல் மைலில் வீழ்ந்தவை. அது சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர்க் கரைகளுக்கு அப்பாலுள்ள கடல். ஆழ்கடலுக்குப் போகும் நம் மீனவர்கள் வலை இறக்கும் பரப்பு.

பேர்ச்சலின் செய்தி இல்லையென்றால் இலங்கை ஜப்பானியர் கைக்குப் போயிருக்கும் என்று சொல்வது மிகை. நகுமோவின் அணி தரையிறங்கும் படையைக் கொண்டுவரவில்லை. தாக்குதல் வரும் என்பதைப் பிரித்தானியரும் உளவுத் தகவலால் எதிர்பார்த்தே இருந்தனர். ஆனால் எந்த நாள், எந்தத் திசை, எத்தனை கப்பல் என்பதைச் சொன்னது அந்த அரைகுறை வானொலிச் செய்திதான். கொழும்புத் துறையில் பல நூறு உயிர் தப்பியது அதனால்.

முகாம்களில்

பேர்ச்சலின் பெருமைக்கு இதைவிட வலுவான ஆதாரம் கைதி முகாம்களில் இருக்கிறது. யோக்கொகாமாவுக்கு அருகிலுள்ள ஒபுனா விசாரணை முகாமில் மாதக்கணக்கில் பேச்சற்ற தனிமை. பிறகு யோக்கொகாமா, அசானோ, சுவா முகாம்கள். மூத்த அதிகாரி என்ற முறையில் கைதிகளின் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. அவர் முதலில் திருத்தியது சாப்பாட்டுப் பங்கீட்டை. அதிகாரிகளின் கோப்பையில் கூடுதலாக இருக்கிறதென்று எந்தச் சிப்பாய்க்குத் தோன்றினாலும், தன் கோப்பையைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொள்ளலாம். பசியால் மனிதர் ஒருவரை ஒருவர் சந்தேகிக்கும் இடத்தில் இந்த ஒரு விதி நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவந்தது.

நோயாளிகளை அடிக்க வந்த காவலாளியை எதிர்த்து அடித்து, அதற்காகத் தானே நினைவிழக்கும் அளவுக்கு அடிவாங்கினார். 1944இல் நோயாளிகளை வேலைக்கு இழுத்தபோது, அவர்களை விலக்கும்வரை எவரும் வேலை செய்வதில்லை என்று கைதிகளை உட்காரவைத்தார். விலக்கு கிடைத்தது, அவருக்குத் தண்டனையும் கிடைத்தது. நடந்தவற்றையெல்லாம் இரகசியமாக எழுதி மண்ணில் புதைத்துவைத்தார். அக்குறிப்புகளும் அவருடைய சாட்சியமும் பின்னர் போர்க்குற்ற விசாரணைகளில் பயன்பட்டன. ஜப்பானியர் பிடித்த மேற்கு நாட்டுக் கைதிகளில் நான்கில் ஒருவருக்கு மேல் இறந்தனர் என்பதை நினைத்தால், அவர் காத்த உயிர்களின் மதிப்பு விளங்கும்.

பிற்காலம்

1945 ஆகஸ்டில் விடுதலையானார். மறு ஆண்டு பிரித்தானிய அரசு ஓ.பி.ஈ. விருது அளித்தது. 1963 முதல் 1967 வரை, தான் படித்த இராணுவக் கல்லூரிக்கே தலைவராக இருந்தார். முப்படைகளையும் ஒன்றாக்கும் அரசின் திட்டத்தை ஏற்காமல் 1967இல் ஓய்வுபெற்றார். பிறகு 1982 வரை ரொறன்ரோவின் யோர்க் பல்கலைக்கழகத்தில் நிருவாகப் பணி. 2000ஆம் ஆண்டில் 'ஓடர் ஒவ் கனடா' விருது கிடைத்தது. கௌரவப் பதவிகளையும் சேர்த்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் விமானப்படைச் சீருடையோடு தொடர்பு அறாமல் இருந்தார். ஒன்றாரியோவின் கிங்ஸ்டன் நகரில் காலமானார்.

அவர் பறந்த 413ஆம் படையணி இன்று நோவா ஸ்கோசியாவின் கிறீன்வூட் தளத்திலிருந்து கடலில் சிக்கியவர்களைத் தேடி மீட்கும் பணியைச் செய்கிறது. இலங்கையில் பணியாற்றியதன் நினைவாக அதன் சின்னத்தில் யானைத் தலை பொறிக்கப்பட்டுள்ளது.