தொண்ணூறு செகண்டு கொசுவத்தி

ரெண்டு வாரமா என் பழைய லேப்டாப் லினக்ஸில் எழுந்து நிற்க ரெண்டு நிமிஷம் எடுத்துக்கிட்டு இருந்தது. போன வியாழன் ராத்திரி 11:40. பன்னிரண்டுக்குள்ள அசைன்மென்ட் ஏத்தணும். மெஷின் தொங்கிப்போய், ரீஸ்டார்ட் பண்ணிட்டு லோகோவையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். 11:58க்கு ஏத்தினேன். "புதுசு வாங்குடா"ன்னான் அறைத்தோழன். அந்தக் காசு இருந்தா கிளேட்டன் வாடகைக்கு ஆகும்.

காரணத்தைத் தேடப் போய் வரலாற்றுல மாட்டிக்கிட்டேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே.

1983ல் வந்த யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் முறையைத்தான் பெரும்பாலான லினக்ஸ்கள் ரொம்ப காலம் பின்பற்றின. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு ஸ்கிரிப்ட், அதன் பேரில் ஒரு எண். ரேஷன் கடை வரிசை மாதிரி, ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது. நெட்வொர்க் முகவரிக்காக ஒருத்தர் காத்திருந்தா பின்னாடி நிக்கிற அத்தனை பேரும் நிக்கணும். பிராசஸர் பாட்டுக்கு சும்மா இருக்கும். 1999 ஜூலையில் ரஸ்டி ரஸ்ஸல் தன் கிரெடிட் கார்டை நம்பி இங்கே மோனாஷ் பல்கலையில் ஆஸ்திரேலிய லினக்ஸ் மாநாடு கூட்டினாரே, அந்தக் காலத்து மெஷின்களிலும் இதே க்யூதான்.

எல்லாரும் திட்டினாங்களே தவிர யாரும் அளக்கலை. 2004 நவம்பரில் ஃபெடோரா மடற்குழுவில் ஓவன் டெய்லர் ஒரு சவால் விட்டார்: பூட் ஆகும்போது என்னதான் நடக்குதுன்னு ஒரு படமா வரைஞ்சு காட்டுங்க. ஜிகா மாகோவெட்ஸ் 'பூட்சார்ட்' எழுதினார். யார் யாருக்காக நிக்கிறாங்கன்னு முதல்முறையா கண்ணுக்குத் தெரிஞ்சது. என்னைக் கேட்டா, இந்தக் கதையில ஹீரோ இந்தப் படம்தான்.

2006ல் உபுண்டு 'அப்ஸ்டார்ட்' கொண்டு வந்தது. 2008 செப்டம்பரில் இன்டெல்லின் அர்யான் வான் டெ வெனும் ஆகெ காக்கும் போர்ட்லாந்தில் ஒரு குட்டி ஈ-பிசியை அஞ்சே செகண்டில் எழுப்பிக் காட்டினாங்க. 2010 ஏப்ரலில் லென்னார்ட் பூட்டரிங் 'சிஸ்டம்டி'யை அறிவிச்சார். சேவைகளை வரிசையில நிறுத்தாம ஒரே நேரத்துல கிளப்பிவிடுற யோசனை. ஆப்பிளின் 'லாஞ்ச்டி'யில் அது ஏற்கெனவே இருந்தது. 2015ல் டெபியனும் உபுண்டுவும் இதுக்கே மாறின. அதுக்கு நடந்த சண்டை தனிப் பதிவுக்குத் தேறும்.

சரி, நம்ம மேட்டர். 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' அடிச்சேன். பட்டியல்ல எல்லாரும் நல்ல பிள்ளைங்க! அப்புறம்தான் உறைச்சது: அது லேட்டா வந்தவங்க பட்டியல், வராமலே போனவன் அதுல இருக்க மாட்டான். அடுத்த தடவை பூட் ஆகும்போது எஸ்கேப் தட்டினேன். லோகோ மறைஞ்சு, ஏதோ ஒரு டிஸ்க்குக்காக 1 நிமிஷம் 30 செகண்டு எண்ணிக்கிட்டு இருந்தது தெரிஞ்சது. சிஸ்டம்டி வழக்கமா பொறுத்துப் பார்க்கிற நேரம் அது.

எஃப்எஸ்டேப் கோப்பில் ஸ்வாப் பகுதிக்கு ஒரு பழைய அடையாள எண் இருந்தது. 'பிஎல்கேஐடி' காட்டினது வேற எண். யாரோ ஸ்வாப்பை மறுபடி ஃபார்மட் பண்ணியிருக்காங்க. எண்ணை மாத்தினேன். இப்ப 25 செகண்டு.

யாருன்னு யோசிச்சேன். ரெண்டு வாரம் முன்னாடி, "சும்மா ட்ரை பண்ணிப் பார்க்கிறேன் மச்சி"ன்னு காலியா இருந்த பார்ட்டிஷன்ல இன்னொரு லினக்ஸைப் போட்டவன், அதே "புதுசு வாங்குடா" ஆசாமிதான்.